செல்போனுக்கு முன்பே நின்ற ராட்சத டவர்கள்: மைக்ரோவேவ் கோபுரங்கள் ஏன் வந்தன, ஏன் காலியாகின? முழு விளக்கம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், கோவளம் தாண்டி மாமல்லபுரம் வருவதற்குள் நெம்மேலி வந்துவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தால் இந்த ஊரின் பெயர் இன்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் சவுக்குத் தோப்பு. மலையோ குன்றோ கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையான நிலம்.

இப்படிப்பட்ட கடற்கரைச் சாலையில் நிற்கும் செல்போன் டவர்களைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். நீளமான பட்டை ஆன்டெனாக்களுக்குப் பக்கத்தில், மத்தளம் மாதிரி வெள்ளையாக, வட்டமாக ஒன்று மாட்டியிருக்கும். அது உங்கள் போனோடு பேசுவதில்லை. எங்கேயோ தூரத்தில் நிற்கும் இன்னொரு டவரில் உள்ள இன்னொரு மத்தளத்தோடு பேசுகிறது.

அந்தச் சின்ன வட்டத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிறந்து, கண்டங்களை இணைத்து, டிரங்க் கால் காத்திருப்புக்கு முடிவு கட்டி, பின்பு கண்ணாடி இழையிடம் தோற்றுப்போன தொழில்நுட்பம் அது. ஆனால், முழுசாகத் தோற்றுவிட்டதா? புயல் அடிக்கும் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம்.

மைக்ரோவேவ் கோபுரம் என்றால் என்ன?

மைக்ரோவேவ் என்பதைத் தமிழில் நுண்ணலை என்கிறோம். சமையலறை அடுப்பில் உணவைச் சூடாக்குவதும் இதே குடும்பத்து அலைதான். வானொலியின் மத்திய அலை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம் கொண்டது. நுண்ணலையின் நீளம் சில சென்டிமீட்டர்தான்.

அலை குட்டையாக இருப்பதால் இரண்டு நன்மைகள். ஒன்று, கிண்ணம் போன்ற ஆன்டெனாவை வைத்து, டார்ச் லைட் வெளிச்சம் போல ஒரே திசையில் குவித்து அனுப்பலாம். இரண்டு, ஒரே கற்றையில் நூற்றுக்கணக்கான தொலைபேசிப் பேச்சுகளை ஒரே நேரத்தில் ஏற்றலாம்.

ஒரு தொல்லையும் உண்டு. டார்ச் வெளிச்சம் போலவே இதுவும் நேர்கோட்டில்தான் போகும். மலையைத் தாண்டாது. பூமியின் வளைவைச் சுற்றி வராது. அனுப்பும் ஆன்டெனாவும் வாங்கும் ஆன்டெனாவும் ஒன்றையொன்று "பார்க்க" வேண்டும். அதனால்தான் உயரமான கோபுரம். அதனால்தான் சுமார் 40, 50 கி.மீ.க்கு ஒன்று. வந்த சிக்னலை வாங்கி, பலப்படுத்தி, அடுத்த கோபுரத்துக்குத் தள்ளிவிடும் தொடர் ஓட்டம் இது.

மாமல்லபுரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஊரின் பாறை உச்சியில் பல்லவர் கால ஒலக்கண்ணேசுவரர் கோவில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அதன் கூரை மீதுதான் கப்பல்களுக்கான விளக்கு எரிந்தது. பிறகு பக்கத்திலேயே தனிக் கலங்கரை விளக்கம் எழுந்தது. வெளிச்சம் தூரம் போக வேண்டும் என்றால் உயரத்தில் ஏற வேண்டும். மைக்ரோவேவ் கோபுரத்தின் அடிப்படைப் பாடமும் அதுவேதான்.

போருக்கு முன்: கல்கத்தாவில் அடித்த மணி

இந்தக் கதையின் முதல் அத்தியாயத்தில் இந்தியப் பெயர் இருக்கிறது. 1895-ல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கம்பி எதுவும் இல்லாமல் சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். அவர் ஆய்வு செய்த அலைகளின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் இருந்தது. இன்று 5ஜி பற்றிப் பேசும்போது அடிபடும் மில்லிமீட்டர் அலைகளின் பக்கத்து வீடு அது.

ஆனால் உலகம் அப்போது வேறு பாதையில் போனது. கடலைக் கடந்து தந்தி அனுப்ப நீண்ட அலைகளே வசதியாக இருந்தன. குட்டை அலைகளைப் போதிய சக்தியோடு உண்டாக்கும் கருவியும் அன்றைக்கு இல்லை.

1931-ல் ஒரு முன்னோட்டம் நடந்தது. ஆங்கிலக் கால்வாயின் இரு கரைகளில், பிரான்சின் கலே, இங்கிலாந்தின் டோவர் பகுதிகளில் கிண்ண ஆன்டெனாக்களை வைத்து, சுமார் 18 செ.மீ. அலையில் பேச்சைக் கொண்டு போய்க் காட்டினார்கள். வேலை செய்தது. ஆனாலும் பெரிய அளவில் பரவவில்லை.

போர் எதை மாற்றியது?

1940-ல் பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டால், ஹாரி பூட் ஆகிய இருவரும் கேவிட்டி மேக்னட்ரான் என்ற கருவியை உருவாக்கினார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள அந்தக் கருவி, சக்திவாய்ந்த நுண்ணலையைக் கொட்டியது. விமானங்களைக் கண்டுபிடிக்கும் ரேடாருக்காக அது அமெரிக்காவுக்கும் போனது. போர்க்காலப் பணம், ஆய்வுக்கூடங்கள், ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் எல்லாம் நுண்ணலையின் பின்னால் திரண்டனர்.

ரேடார் மட்டுமல்ல. பிரிட்டிஷ் ராணுவம் "10-ம் எண் வயர்லெஸ் செட்" என்ற கருவியைக் களத்தில் இறக்கியது. 8 பேச்சுகளை ஒரே நுண்ணலைக் கற்றையில் கொண்டு போகும் இந்தக் கருவி, 1944 நார்மண்டி தரையிறக்கத்துக்குப் பிறகு படைகள் முன்னேற முன்னேற, பின்னாலேயே தொடர் இணைப்பாக நீண்டது. கம்பி இழுக்க நேரமில்லாத இடத்தில் கம்பியில்லாமல் டெலிபோன்.

போர் முடிந்தபோது கருவி கையில் இருந்தது. கற்றுத் தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். டெலிபோனுக்கும் புதிதாக வந்த தொலைக்காட்சிக்கும் தேவை எகிறிக்கொண்டிருந்தது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் போருக்குப் பிந்தைய மைக்ரோவேவ் கோபுரங்கள்.

கண்டத்தைக் கடந்த 107 கோபுரங்கள்

1947 நவம்பரில் அமெரிக்காவின் ஏ.டி.&டி. நிறுவனம் நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடையே சோதனை இணைப்பைத் தொடங்கியது. இடையில் 7 ரிலே நிலையங்கள். அது வெற்றி பெற்றதும் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை கோபுரம் கட்டக் கிளம்பினார்கள். 107 கோபுரங்கள், சுமார் 4 கோடி டாலர் செலவு. 1951 ஆகஸ்டில் தொலைபேசி இணைப்பு தயார்.

அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று, சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஜப்பான் சமாதான மாநாட்டில் அதிபர் ட்ரூமன் பேசியதை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த கிழக்குக் கரை மக்களும் நேரலையில் பார்த்தார்கள். இலங்கையின் ஜே.ஆர்.ஜெயவர்த்தன ஜப்பானுக்கு ஆதரவாகப் பேசிப் புகழ்பெற்ற மாநாடும் இதுதான். இந்தியா அதில் கலந்துகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு ஜப்பானோடு தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டது.

பனிப்போர் சூடுபிடிக்க, கோபுரங்களுக்கு இன்னொரு வேலையும் வந்தது. அணுகுண்டு விழுந்தாலும் அரசும் ராணுவமும் பேசிக்கொள்ள வேண்டும். சில நிலையங்களை நிலத்துக்கடியில் கான்கிரீட் அறைகளோடு கட்டினார்கள்.

இந்தக் கோபுரங்களே பின்னால் ஏ.டி.&டி.யின் ஏகபோகத்துக்கும் குழி தோண்டின. சிகாகோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடையே சொந்தமாக மைக்ரோவேவ் இணைப்பு கட்ட எம்.சி.ஐ. என்ற சிறு நிறுவனம் அனுமதி கேட்டது. 1969-ல் அனுமதி கிடைத்தது. ஆயிரம் கி.மீ.க்குக் கேபிள் புதைக்கப் பெரிய நிறுவனத்தால்தான் முடியும். ஆனால் சில கோபுரங்களை யார் வேண்டுமானாலும் நிறுத்தலாமே! அங்கே தொடங்கிய போட்டியும் வழக்குகளும் 1984-ல் ஏ.டி.&டி. துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டதில் போய் முடிந்தன.

லண்டனின் 177 மீட்டர் கோபுரம்

பிரிட்டனில் இதன் அடையாளம் லண்டன் போஸ்ட் ஆபீஸ் டவர். 177 மீட்டர் உயரம். 1965 அக்டோபர் 8 அன்று பிரதமர் ஹெரால்ட் வில்சன், பர்மிங்காம் மேயருக்கு போன் போட்டு இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். உச்சியில் சுழலும் உணவகம்கூட இருந்தது.

அது ஏன் உருளை வடிவத்தில் இருக்கிறது தெரியுமா? காற்றில் ஆடக் கூடாது என்பதற்காக. மணிக்கு 150 கி.மீ. வேகக் காற்றிலும் 25 செ.மீ.க்கு மேல் அசையாதபடி வடிவமைத்தார்கள். நுண்ணலைக் கற்றை மிகக் குறுகலானது. 3 மீட்டர் அகலக் கிண்ணத்தில் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால் கற்றையின் அகலம் ஏறக்குறைய 1 டிகிரிதான். கோபுரம் விழ வேண்டியதில்லை, லேசாகத் திரும்பினாலே போதும், இணைப்பு போய்விடும்.

2011-ல் அந்தக் கோபுரத்தின் பழைய கிண்ணங்களைக் கழற்றி இறக்கினார்கள். 2024 பிப்ரவரியில் பி.டி. நிறுவனம் அதை 27.5 கோடி பவுண்டுக்கு ஒரு ஹோட்டல் குழுமத்துக்கு விற்பதாக அறிவித்தது.

இந்தியாவில் டிரங்க் கால் காலம்

இங்கே 1950, 60-களில் வெளியூருக்குப் பேசுவதென்றால் டிரங்க் கால் புக் செய்ய வேண்டும். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று கட்டணத்துக்கேற்ற அவசரம். புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். இணைப்பு கிடைத்தாலும் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று வீட்டில் கத்துவது தெருவுக்கே கேட்கும்.

காரணம், ஊர்களை இணைத்தவை பெரும்பாலும் கம்பங்களில் ஓடிய வெற்றுக் கம்பிகள். அவற்றில் ஒரே நேரத்தில் சில பேச்சுகளை மட்டுமே அனுப்ப முடியும். புயலில் கம்பம் சாயும். செம்புக் கம்பி என்பதால் வெட்டித் திருடுவதும் நடந்தது.

1948-ல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம், சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் ஒன்று. டெலிபோன் கருவிகளை உள்நாட்டிலேயே செய்வது அதன் வேலை. 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே நாட்டின் முதல் எஸ்.டி.டி. சேவை வந்தது. ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூர் எண்ணைச் சுழற்றலாம்.

ஆனால் எஸ்.டி.டி. எல்லா ஊருக்கும் வர வேண்டுமென்றால் ஊர்களுக்கு நடுவில் நூற்றுக்கணக்கான வழிகள் வேண்டும். சில வழித்தடங்களில் கோஆக்சியல் கேபிள் புதைத்தார்கள். மற்ற இடங்களுக்கு மைக்ரோவேவ். இந்தியாவின் முதல் மைக்ரோவேவ் வழித்தடம் 1965-ல் கல்கத்தாவுக்கும் அசன்சோலுக்கும் இடையே இயங்கத் தொடங்கியது. லண்டன் கோபுரம் திறக்கப்பட்ட அதே ஆண்டு.

அடுத்த 20 ஆண்டுகளில் தபால் தந்தித் துறையின் கோபுரங்கள் நாடெங்கும் எழுந்தன. தமிழ்நாட்டிலும் எக்ஸ்சேஞ்ச் வளாகத்துக்குள் நாலு கால் இரும்புக் கோபுரம், அதில் சிவப்பு வெள்ளைப் பட்டை, உச்சியில் ராத்திரி எரியும் சிவப்பு விளக்கு, நடுநடுவே பெரிய கிண்ணங்கள் என்பது பழகிய காட்சி ஆனது. ஊர் மக்களுக்கு அது "மைக்ரோவேவ் டவர்". பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஊர் வந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

அந்தக் கால அனலாக் முறையில் ஒரே அலைவரிசையில் 960 பேச்சுகளும், இன்னும் பெரிய அமைப்புகளில் 1,800 பேச்சுகளும் போகலாம். 1980-களின் இறுதியில் மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்தபோது, உள்ளே மீட்டர் ஓட ஓடப் பேசிய பேச்சுகளில் பெரும்பகுதி இந்தக் கோபுரங்கள் வழியாகத்தான் பறந்தது.

தபால் தந்தித் துறை மட்டுமல்ல, ரயில்வேயும் தனக்கென மைக்ரோவேவ் வலையமைப்பு வைத்திருந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயரமாக நிற்பதெல்லாம் மைக்ரோவேவ் டவர் அல்ல. ராமேஸ்வரத்தில் உள்ள 323 மீட்டர் தூர்தர்ஷன் கோபுரம் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் டிவி சிக்னலைப் பரப்பக் கட்டப்பட்டது. மைக்ரோவேவ் கோபுரம் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு மட்டும் பேசுவது.

ஏன் அவ்வளவு உயரம்? நெம்மேலியை வைத்து ஒரு கணக்கு

நெம்மேலியிலிருந்து சென்னையின் மையப்பகுதி நேர்கோட்டில் சுமார் 40 கி.மீ. இரண்டுக்கும் நடுவே ஒரு மைக்ரோவேவ் இணைப்பு போடுவதாக வைத்துக்கொள்வோம். எவ்வளவு உயரம் தேவை?

முதலில் பூமியின் வளைவு. காற்று மண்டலம் அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்து உதவுகிறது. அதைக் கழித்த பிறகும், 40 கி.மீ. பாதையின் நடுப்புள்ளியில் பூமி சுமார் 23 மீட்டர் புடைத்துக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது, அலைக்குத் தேவையான இடம். நுண்ணலைக் கற்றை நூல் மாதிரி மெலிசாகப் போவதில்லை. இரு முனையிலும் ஒடுங்கி, நடுவில் பருத்து, கோவைக்காய் வடிவத்தில் இடம் கேட்கும். பொறியாளர்கள் இதை ஃப்ரெனல் மண்டலம் என்கிறார்கள். 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு நடுவில் இதன் ஆரம் ஏறக்குறைய 22 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. அது 13 மீட்டர்.

மூன்றாவது, நடுவில் உள்ள மரங்கள், கட்டடங்கள். சவுக்கு மரத்துக்கு 20 மீட்டர் என்று வைத்தால், 23 + 13 + 20 = 56 மீட்டர். இரு முனையிலும் கிட்டத்தட்ட 20 மாடி உயரக் கோபுரம் வேண்டும்.

தூரம் 50 கி.மீ. ஆனால்? பூமியின் புடைப்பு மட்டும் சுமார் 37 மீட்டராகிவிடும். மொத்தம் 70 மீட்டரைத் தாண்டும். தூரம் கால் பங்கு கூடினாலும், புடைப்பு பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. அதனால்தான் பழைய கோபுரங்கள் எல்லாம் அவ்வளவு உயரம். அதனால்தான் மலை கிடைத்த இடத்தில் மலை மேலேயே ஏறிக்கொண்டார்கள்.

அதே நெம்மேலியிலிருந்து மாமல்லபுரம் நேர்கோட்டில் சுமார் 10 கி.மீ.தான். அங்கே பூமியின் புடைப்பு ஒன்றரை மீட்டர். 30, 40 மீட்டர் செல்போன் டவரே தாராளம். இன்றைய மத்தள ஆன்டெனாக்கள் சிறிய டவர்களிலேயே வேலை முடிப்பதன் ரகசியம் இதுதான்.

கடற்கரையில் கூடுதல் தலைவலி

கடலோரத்தில் மைக்ரோவேவ் இணைப்பு நடத்துவது உள்நாட்டைவிடச் சிரமம். மூன்று காரணங்கள்.

ஒன்று, நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி. நேராக வரும் அலையோடு, தண்ணீரில் பட்டுத் தெறித்த அலையும் சேர்ந்து வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரே கோபுரத்தில் மேலும் கீழுமாக இரண்டு கிண்ணங்கள் ஒரே திசையைப் பார்ப்பதைக் கவனித்திருக்கலாம். ஒன்றில் சிக்னல் மங்கினால் இன்னொன்றில் பிடிப்பதற்கான ஏற்பாடு அது.

இரண்டு, கடல் மீது வெப்பக் காற்றும் ஈரக் காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது அலை குழாயில் மாட்டியது போல வளைந்து போகும். போக வேண்டிய இடத்துக்குப் போகாது, போகக் கூடாத தூரத்துக்குப் போகும். 1980-களில் தென்மாவட்டங்களில் மாடியில் உயரமான ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினி பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சில நாள் படம் பளிச்சென்று வரும், சில நாள் வரவே வராது. கடல் மேல் காற்று செய்த வேலையும் அதற்கு ஒரு காரணம்.

மூன்று, உப்புக் காற்று. துத்தநாகம் பூசிய இரும்பையும் அது மெல்ல அரிக்கும். நட்டு, போல்ட், ஏணி, கிண்ணத்தைப் பிடித்திருக்கும் சட்டம் என எல்லாவற்றையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு ஏன் காலியாகின?

ஒரே வார்த்தையில் பதில்: ஃபைபர்.

1966-ல் சார்லஸ் காவ், தூய்மையான கண்ணாடி இழையில் ஒளியை நீண்ட தூரம் அனுப்ப முடியும் என்று காட்டினார். 2009-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1979-லேயே புனேயில் எக்ஸ்சேஞ்சுகளை இணைக்க முதல் கண்ணாடி இழை அமைப்பு வந்துவிட்டது. 1983-ல் ஏவப்பட்ட இன்சாட்-1பி, தீவுகளுக்கும் எட்டாத மூலைகளுக்கும் வழி திறந்தது. 1990-களில் ஊர்களுக்கு நடுவே கண்ணாடி இழை கேபிள் வேகமாகப் புதைக்கப்பட்டது. 2000-ல் ரயில்வேயின் கண்ணாடி இழை வலையமைப்புக்காக ரெயில்டெல் நிறுவனம் உருவானது.

காற்றில் போகும் அலைவரிசைக்கு அளவு உண்டு. பக்கத்துக் கோபுரத்தோடு மோதாமல் பங்கு போட வேண்டும். கண்ணாடி இழைக்கு அந்தக் கவலை இல்லை. அதன் கொள்ளளவுக்கு முன் 1,800 பேச்சு என்பது சமுத்திரத்தில் ஒரு துளி. மழை, வெயில், கடல் காற்று எதுவும் உள்ளே போகும் ஒளியைத் தொடாது.

சென்னைக் கடற்கரையே இன்று அதற்குச் சாட்சி. 2000-க்குப் பிறகு சிங்கப்பூர் உள்ளிட்ட இடங்களோடு இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை கேபிள்கள் சென்னையில் கரையேறின. 2020 ஆகஸ்டில் சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது.

அமெரிக்காவில் ஏ.டி.&டி. தன் கோபுரங்களை 1999-ல் செல்போன் டவர் நடத்தும் நிறுவனத்திடம் விற்றது. இந்தியாவில் 2000 அக்டோபரில் உருவான பி.எஸ்.என்.எல்.லின் கைக்குப் பழைய கோபுரங்கள் வந்தன. கிண்ணங்கள் இறங்கின, செல்போன் ஆன்டெனாக்கள் ஏறின. 2021-ல் மத்திய அரசு அறிவித்த தேசியப் பணமாக்கல் திட்டத்தில் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். டவர்கள் 14,917 இடம்பெற்றன.

அப்படின்னா மைக்ரோவேவ் செத்துப்போச்சா?

இல்லை. ஆள் சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் போனிலிருந்து பக்கத்து டவர் வரை போன சிக்னல், அங்கிருந்து நெட்வொர்க்கின் மையத்துக்குப் போக வேண்டும். இதை பேக்ஹால் என்கிறார்கள். டவருக்குக் கண்ணாடி இழை வந்திருந்தால் அது வழியாகப் போகும். வராத இடத்தில் மத்தள ஆன்டெனாதான் வழி. 2019 டிசம்பரில் தேசிய பிராட்பேண்ட் இயக்கம் தொடங்கப்பட்டபோது, நாட்டில் சுமார் 30 சதவீத டவர்களுக்குத்தான் கண்ணாடி இழை இணைப்பு இருந்தது. அதை 70 சதவீதமாக்குவது இலக்கு. அதாவது, மீதியில் பெரும்பகுதி அப்போது மைக்ரோவேவை நம்பியே நின்றது.

இன்னொரு ஆச்சரியமான இடத்திலும் இது உயிரோடு இருக்கிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் போகும். காற்றில் நுண்ணலை ஏறக்குறைய 3 லட்சம் கி.மீ. வேகத்தில் போகும். சிகாகோவுக்கும் நியூயார்க் பகுதிக்கும் இடையே சுமார் 2 மில்லிவினாடி மிச்சமாகும் என்பதற்காகவே, பங்குச் சந்தை வர்த்தக நிறுவனங்கள் 2010-களில் மறுபடி மைக்ரோவேவ் தொடர் அமைத்தன.

புயல் ராத்திரியில் எது நிற்கும்?

இந்தக் கடற்கரைக்கு உண்மையான கேள்வி இதுதான். 2004 சுனாமி, 2016 வர்தா எல்லாம் இந்தக் கரைக்குத் தெரியும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது.

புயலில் தொடர்பு அறுந்துபோகப் பல வழிகள் உண்டு. மரம் சாய்ந்தால் கம்பத்தில் தொங்கும் கண்ணாடி இழை கேபிள் அறுகிறது. வெள்ளம் அரித்தால் பாலத்தோரம் போகும் கேபிள் போகிறது. மரத்தை அகற்றவும் சாலையைச் சீரமைக்கவும் வரும் ஜே.சி.பி., புதைத்த கேபிளையும் சேர்த்து வெட்டிவிடுவது உண்டு. மைக்ரோவேவுக்கு நடுவில் அறுந்துபோகக் கம்பியே கிடையாது.

ஆனால் அதற்கும் பலவீனம் இருக்கிறது. காற்றில் ஆன்டெனா திரும்பினால் இணைப்பு போகும். கனமழையில், குறிப்பாக 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் மங்கும். கண்ணாடி இழை, மைக்ரோவேவ் இரண்டுக்கும் பொதுவான எதிரி மின்தடை. கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம், அதன் பிறகு டீசல். டீசல் ஏற்றிய வண்டி வர முடியாவிட்டால், டவர் நிமிர்ந்து நின்றாலும் ஊமைதான்.

ஆக, "இதுவா அதுவா" என்பதல்ல பதில். இரண்டும் வேண்டும். ஒரு பாதை அறுந்தால் இன்னொரு பாதை எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லா நிறுவனங்களின் சிக்னலும் ஒரே சாலையோரக் குழியில் போகும் கேபிளை நம்பியிருந்தால், ஒரே வெட்டில் எல்லாரும் மௌனமாகிவிடுவார்கள். அந்த நேரத்தில் 108-ஐக் கூப்பிட வேண்டியவருக்கு, தொழில்நுட்பம் எது என்பதா முக்கியம்? மணி அடிக்கிறதா என்பதுதான்.

இதனால் கதிர்வீச்சு ஆபத்தா?

டவர் என்றாலே பலருக்கு வரும் பயம் இது. மத்தள ஆன்டெனாவின் கற்றை தரையை நோக்கி வருவதில்லை. மேலேயே நேராக அடுத்த டவருக்குப் போகிறது. எக்ஸ்ரே போல உடல் அணுக்களைச் சிதைக்கும் வகைக் கதிரும் இதுவல்ல. இயங்கும் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, மிக அருகில் நிற்கக் கூடாது என்பது டவரில் ஏறும் ஊழியர்களுக்கான எச்சரிக்கை.

செல்போன் டவர்களுக்கு 2012 செப்டம்பர் முதல், சர்வதேச வழிகாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கு என்ற கடுமையான அளவை இந்தியா கொண்டுவந்தது. உங்கள் பகுதி டவர் அந்த அளவுக்குள் இருக்கிறதா என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் பார்க்கலாம்.

பழைய கோபுரங்களை என்ன செய்யலாம்?

பராமரிக்காத கோபுரம் ஆபத்து. துருப்பிடித்த 60, 70 மீட்டர் இரும்பு, பேருந்து நிலையத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே நிற்கிறது என்றால், ஒவ்வொரு புயலுக்கு முன்பும் அது ஒரு கேள்விக்குறி. தாங்கும் திறனைச் சோதித்து, முடியாததை முறையாக இறக்குவதுதான் சரி.

நல்ல நிலையில் இருப்பவற்றை வீணாக்கவும் வேண்டியதில்லை. 10, 20 செல்போன் டவர் செய்ய முடியாததை, சரியான இடத்தில் நிற்கும் ஓர் உயரமான கோபுரம் செய்யும். பேரிடர் நேர வயர்லெஸ், காவல்துறைத் தொடர்பு, அமெச்சூர் ரேடியோ ரிப்பீட்டர் எல்லாவற்றுக்கும் உயரம்தான் மூலதனம். 2004 சுனாமியில் மற்ற இணைப்புகள் போனபோது, போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் ரேடியோ குழுதான் அந்தமானிலிருந்து வெளியுலகுக்குத் தகவல் அனுப்ப உதவியது.

ஒருகாலத்தில் ஒலக்கண்ணேசுவரர் கோவில் கூரையில் எரிந்த விளக்கு, மாற்று ஏற்பாடு வந்த பிறகுதான் இறங்கியது. மைக்ரோவேவ் கோபுரத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். அடுத்த முறை ஈ.சி.ஆர்.ல போகும்போது டவரில் அந்த வெள்ளை மத்தளம் கண்ணில் பட்டால், எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். புயல் ராத்திரியில் உங்கள் குரல் வெளியேறக் கடைசியாக மிச்சமிருக்கும் ஜன்னல் அதுவாக இருக்கலாம்.